குளிர் இருந்தது, பனிதான் இல்லை

சிங்ஹாய் ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், திபெத்தியப் பீடபூமியின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஆறு அரித்த கரையோ சரளைக்காக வெட்டிய குழியோ மண்சுவராக நேரே நிற்கும் சில இடங்களில் ஒரு வினோதமான வடிவம் கண்ணில் படும். கூழாங்கல்லும் மணலும் வரிவரியாகக் கிடைமட்டமாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஓரிடத்தில் அந்த வரிகளை வெட்டிக்கொண்டு, மேலே அகலமாகவும் கீழே கூராகவும், விறகு பிளக்க அடித்த ஆப்பு மாதிரி மண் இறங்கியிருக்கும். யாரும் தோண்டி நிரப்பியதல்ல. அந்தக் காலத்துக் குளிர்காலங்கள் ஒவ்வொன்றாக வந்து அடித்து இறக்கிய ஆப்பு அது.

இந்த ஆப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அதாவது ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் கூரை என்று சொல்லப்படும் திபெத் எப்படி இருந்தது என்பது பல பத்தாண்டுகள் நீண்ட வழக்கு. ஐரோப்பாவின் வடபகுதியையும் கனடாவையும் போல ஒரே பனிக்கட்டிப் போர்வைக்குள் புதைந்து கிடந்ததா, அல்லது வெறுந்தரையாகக் காற்றில் காய்ந்துகொண்டிருந்ததா? பனியாறுகள் விட்டுப்போன தடயங்களை மட்டும் வைத்து இதை முழுவதும் தீர்க்க முடியவில்லை. பனியாறு இல்லாத இடத்துத் தரையையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடலாம். தமிழில் எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் ஜனவரியில் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, இமயமலையில் பொழிவதும் பனி. இந்தக் கட்டுரைக்கு மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வானத்திலிருந்து விழுவது பனிப்பொழிவு. அது விழுந்து, சேர்ந்து, இறுகி, நகரத் தொடங்கினால் பனியாறு. இவை இரண்டும் இல்லாமலே, தரை தன்னுள் இருக்கும் ஈரத்தோடு உறைந்து கிடப்பது உறைநிலம். தரையின் வெப்பநிலை தொடர்ந்து 2 ஆண்டுகளாவது பூச்சிய டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் அதை நிரந்தர உறைநிலம், பெர்மாஃப்ராஸ்ட், என்பார்கள். திபெத்தியப் பீடபூமியில் இன்றும் சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு இப்படித்தான் உறைந்திருக்கிறது. மேலே கோடையில் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும் ஒரு மேலடுக்கு உண்டு. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் கல்தான்.

சரி, ஆப்பு எப்படி உருவாகிறது? உறைந்த தரையும் மற்றப் பொருள்களைப் போலக் குளிரக் குளிரச் சுருங்கும். கடுங்குளிர்காலத்தில் வெப்பநிலை சட்டென்று இன்னும் கீழே இறங்கினால், அந்த வேகத்துக்கு நெகிழ்ந்து கொடுக்க முடியாமல் தரை வெடிக்கும். விரிசலின் அகலம் சில மில்லிமீட்டர்தான், ஆழமோ சில மீட்டர் போகும். மேலிருந்து பார்த்தால் வறண்ட ஏரியின் களிமண் வெடிப்பு மாதிரி பலகோணக் கட்டங்கள். ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு வீட்டு மனை அளவு, சில நேரம் அதைவிடப் பெரியது. வசந்தத்தில் பனிப்பொழிவு உருகிய தண்ணீர் விரிசலுக்குள் இறங்கி உறைந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் தரை மறுபடி வெடிக்கும்போது அந்தப் பழைய இடம்தான் பலவீனமான இடம், அங்கேயே வெடிக்கும். மறுபடி தண்ணீர், மறுபடி உறைவு. ஆண்டுக்கு ஒரு மெல்லிய ஏடாகச் சேர்ந்து, நூற்றாண்டுகள் போகப் போக ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பனிக்கட்டி ஆப்பு ஒன்று தரைக்குள் வளர்ந்துவிடும். அலாஸ்காவின் வடகரையில் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்த எர்னஸ்ட் லெஃபிங்வெல் 1915-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். அது இன்றும் அடிப்படையில் நிற்கிறது.

விரிசலுக்குள் தண்ணீர் இறங்கவில்லை என்றால்? உருகுவதற்குப் பனிப்பொழிவே போதுமான அளவு இல்லை, தரையை மூடச் செடிகொடியும் இல்லை, காற்று மட்டும் ஓயாமல் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது விரிசலுக்குள் போவது மணல். இதுவும் ஆண்டுக்கொரு ஏடாகத்தான் சேரும், ஆனால் பனிக்கட்டி ஆப்புக்குப் பதில் மணல் ஆப்பு. அமெரிக்கப் புவியியலாளர் டிராய் பெவே 1959-இல் அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ பகுதியில் இப்படிப்பட்டவற்றை விவரித்தார். பூமியில் அதைவிட வறண்ட குளிர்ப்பிரதேசம் கிடையாது என்பதைச் சேர்த்துக்கொண்டால், மணல் ஆப்பு எந்தச் சூழலைச் சொல்கிறது என்பது விளங்கும்.

மண்சுவரில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? பனிக்கட்டி ஆப்பு வெப்பம் வந்ததும் உருகிப் போய்விடும். காலியான பள்ளத்தில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மண் சரிந்து விழும். எனவே அதன் உட்பகுதி கலங்கலாக இருக்கும். கூழாங்கற்கள் எப்படி விழுந்தனவோ அப்படியே கிடக்கும். இருபக்க வரிகளும் உள்நோக்கித் தொய்ந்து, சில இடங்களில் படிபடியாக அறுந்து இறங்கியிருக்கும். நாம் பார்ப்பது ஆப்பை அல்ல, ஆப்பு இருந்த இடத்தின் வார்ப்பை. மணல் ஆப்புக்கு உருக எதுவும் இல்லை, அதனால் அது உள்ளபடியே நிற்கும். கத்தியால் முகப்பை மெதுவாகச் சுரண்டிச் சுத்தம் செய்தால் செங்குத்தான மெல்லிய பட்டைகள் தெரியும், புத்தகத்தை நிமிர்த்தி வைத்துத் தாள்களின் ஓரத்தைப் பார்ப்பதுபோல. பக்கத்து வரிகள் ஆண்டுதோறும் நெருக்கப்பட்டதால் மேல்நோக்கி வளைந்திருக்கும். படுத்துக் கிடக்க வேண்டிய நீளக் கூழாங்கற்கள் அந்த நெருக்கலில் நிமிர்ந்து நிற்கும். பாதி பனிக்கட்டி, பாதி மணலாக வளர்ந்த கலப்பு ஆப்புகளும் உண்டு. அவற்றில் தீர்ப்புச் சொல்ல அனுபவம் வேண்டும்.

இப்போது வழக்குக்குத் திரும்பலாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் புவியியலாளர் மத்தியாஸ் கூலே 1980-களிலிருந்து ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். பனியுகத்தில் திபெத்தின் மேல் ஏறத்தாழ 24 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே பனிக்கட்டிப் போர்வை இருந்தது. இவ்வளவு தெற்கே, இவ்வளவு உயரத்தில், வெள்ளையாக ஒரு பரப்பு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியதால்தான் உலகமே மேலும் குளிர்ந்தது என்றார். கருத்தில் அழகு இருந்தது. அவர் அதற்காக இமயமலையிலும் திபெத்திலும் வாழ்நாள் முழுவதும் அலைந்தவர். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்தில், ஆய்வுப் பயணத்தின் நடுவிலேயே உயிரிழந்தார். ஆனால் கருத்து நிலைக்கவில்லை. சீனாவின் ஷி யாஃபெங் தொடங்கிப் பலரும் மறுத்தார்கள். பனியாறுகள் குவித்துவிட்டுப் போன கற்குவியல்கள் உயர்ந்த மலைத்தொடர்களை ஒட்டியே இருக்கின்றன, நடுப் பீடபூமியில் இல்லை. அந்தக் கற்களின் வயதைக் கணித்தபோது, மிகப் பெரிய பனியாறுகள் பல இடங்களில் கடைசி உச்சத்துக்கு வெகுகாலம் முந்தியவையாக இருந்தன.

உறைநிலத்தின் சாட்சி இதோடு சேருகிறது. தடிமனான பனிக்கட்டிப் போர்வைக்கு அடியில் இருக்கும் தரைக்கு மேலே வீசும் குளிர்க்காற்று எட்டாது. சட்டென்று குளிரவும் முடியாது, வெடிக்கவும் முடியாது. ஆகவே கடைசிப் பனியுகத்தைச் சேர்ந்த ஒரு ஆப்பு ஓரிடத்தில் கிடைத்தால், அது வளர்ந்த காலத்தில் அங்கே பனியாறு இல்லை. மஞ்சளாற்றின் ஊற்றுப்பகுதியிலும், கோங்ஹே வடிநிலத்திலும், சிங்ஹாய் ஏரியைச் சுற்றியும் கிடைக்கும் ஆப்புகள் இந்த வகையில் ஒவ்வொன்றும் ஒரு மறுப்பு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆப்புகள் குளிரை மட்டும் சொல்லியிருந்தால், அவை கூலேயின் பக்கம்தான் சாய்ந்திருக்கும். உயரே போகப் போக 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி குளிரும் என்பது பொதுக்கணக்கு. பீடபூமி 7, 8 டிகிரி குளிர்ந்தது என்றால், பனி நிலைத்து நிற்கும் எல்லை 1,000 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கியிருக்க வேண்டும்; சராசரி உயரமே 4,000 மீட்டரைத் தாண்டும் பீடபூமியின் பெரும்பகுதி பனிக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குப் பதில் விரிசலுக்குள் இறங்கியது தண்ணீரா மணலா என்பதில் இருக்கிறது. மணல் என்றால் மேலே பனிப்பொழிவு மெலிந்திருந்தது. பனிப்பொழிவு தடிமனாக இருந்திருந்தால் அது கம்பளிபோல் தரையைக் காப்பாற்றியிருக்கும், வெடிக்க விட்டிருக்காது. குளிர் அளவுக்கு மிஞ்சி இருந்தது. பனியாறாக மாறுவதற்கு வேண்டிய ஈரம் வந்து சேரவில்லை.

ஈரம் ஏன் வரவில்லை? ஆசியாவின் கோடை மழைக்காற்று அந்தக் காலத்தில் தளர்ந்திருந்தது. இதற்கான தடயங்கள் கடலடி வண்டலிலும் குகைச் சுண்ணாம்பிலும் கிடைக்கின்றன, நம் நீலகிரியிலும் கிடைக்கின்றன. சூழலியலாளர் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் நீலகிரியின் மேட்டுச் சதுப்புகளில் உள்ள முற்றா நிலக்கரி மண்ணின், அதாவது செடிகொடிகள் பாதி மக்கிச் சேர்ந்த பீட் மண்ணின், கரிமத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் அங்கே வறட்சியைத் தாங்கும் புல்வகைகள் ஓங்கியிருந்ததை அது காட்டியது. காற்றில் கரியமில வாயு அப்போது குறைவாக இருந்ததும் அந்தப் புற்களுக்குச் சாதகம்தான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்றாலும், திபெத்தின் மணலும் நீலகிரியின் புல்லும் ஒரே திசையைத்தான் கைகாட்டுகின்றன.

அடுத்த கேள்வி, எவ்வளவு குளிர்? இங்கேதான் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். அலாஸ்காவில் பனிக்கட்டி ஆப்புகள் இன்றும் வளரும் இடங்களைப் பார்த்து, ஆண்டு சராசரிக் காற்று வெப்பநிலை மைனஸ் 6 முதல் மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அவை சுறுசுறுப்பாக வளரும் என்று பெவே 1966-இல் எழுதினார். அது ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. எங்காவது பழைய ஆப்பு கிடைத்தால், அந்த இடத்தின் இன்றைய சராசரியிலிருந்து மைனஸ் 6 வரை எத்தனை டிகிரி இறங்க வேண்டும் என்று கழித்துப் பார்த்து, இவ்வளவு குளிர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தரை வெடிப்பது ஆண்டு சராசரியைப் பார்த்தல்ல. குளிர்காலத்தில் சில நாள்களுக்குள் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது, மேலே எவ்வளவு பனிப்பொழிவு கிடக்கிறது, மண் களிமண்ணா சரளையா, ஈரம் எவ்வளவு என்பவைதான் தீர்மானிக்கின்றன. ஜூலியன் மர்ட்டனும் எல்சே கோல்ஸ்ட்ருப்பும் 2003-இல் இந்தக் குறைகளை எல்லாம் அடுக்கி, ஆப்பை வெப்பமானியாகப் பயன்படுத்துவதைக் கேள்வி கேட்டார்கள். திபெத்துக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அலாஸ்காவில் குளிர்காலச் சூரியன் தலைகாட்டுவதே அபூர்வம். திபெத்திலோ பகலில் வெயில் சுட்டெரிக்கும், இரவில் வானம் துடைத்தாற்போல் இருக்க, தரை வெடவெடக்கும். ஒரு அட்சரேகைக்கான கணக்கை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. நிரந்தர உறைநிலம் இல்லாமல், குளிர்காலத்தில் மட்டும் ஆழமாக உறையும் தரையிலும் சிறிய ஆப்புகள் உண்டாகின்றன என்பது இன்னொரு தலைவலி.

அப்படியானால் இந்தக் கணக்கே வீணா? இல்லை. சில இடங்களில் வித்தியாசம் அவ்வளவு பெரிது. உள்மங்கோலியாவின் ஆர்டோஸ் பீடபூமியை எடுத்துக்கொள்ளலாம். உயரம் 1,100 முதல் 1,500 மீட்டர் வரை, ஆண்டு சராசரி இன்று 6 டிகிரியை ஒட்டி. நிரந்தர உறைநிலத்தின் வாசனைகூட அங்கே இன்று கிடையாது. ஆனால் பலகோண வலைப்பின்னலாக ஆப்புகள் கிடைத்திருக்கின்றன. யெஃப் வாண்டென்பெர்கேயும் சீன ஆய்வாளர்களும் 2004-இல் அவற்றை விவரித்தார்கள். பெவேயின் எல்லையை எவ்வளவுதான் தளர்த்தினாலும், உறைநிலம் அங்கே நிலைக்கச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்க வேண்டும். ஆகக் குறைந்தது 8, 9 டிகிரி. ஆப்புகள் வளர்ந்ததைப் பார்த்தால் 10 டிகிரிக்கு மேல். பனியுக உச்சத்தில் உலக சராசரி இறங்கியது சுமார் 6 டிகிரி என்றுதான் மதிப்பிடுகிறார்கள். கடலிலிருந்து தள்ளி, சைபீரியக் குளிர்க்காற்றின் பாதையில் கிடக்கும் மேட்டுநிலங்கள் சராசரியைவிட மோசமாக அடிபட்டிருக்கின்றன. உலக சராசரி என்ற ஒற்றை எண் எவ்வளவை மறைக்கிறது என்பதற்கு ஆர்டோஸ் ஒரு நல்ல உதாரணம்.

காலத்தைக் கணிப்பது தனிக் கலை. ஒரு எஃகுக் குழாயை ஆப்பின் நடுவில் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். மண்ணோடு உருவி, இரண்டு முனையையும் உடனே அடைத்து, கறுப்புப் பையில் சுற்றிக் கட்டுவார்கள். ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் திறப்பார்கள். இவ்வளவு மறைவு எதற்கு என்றால், தேடுவது அந்தக் குவார்ட்ஸ் மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை. புதைந்த மணிக்குள் சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சேர்த்து வைக்கும். வெயில் பட்டால் அத்தனையும் அழிந்து கணக்கு பூச்சியத்துக்குப் போய்விடும். ஆய்வகத்தில் குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால் சேர்த்து வைத்ததை மணி மெல்லிய ஒளியாக உமிழும். அதை அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால் வயது கிடைக்கும். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்தின் அசோக் சிங்வி இந்த முறையில் பெயர் பெற்றவர். பீடபூமியின் வடகிழக்கில் உள்ள ஆப்பு ஒன்றை இப்படி ஆராய்ந்து ஸ்டீபன் போர்ட்டரும் அவரும் ஆன் ஜிஷெங், லாய் ஜோங்பிங் ஆகியோரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. தலைப்பில் பனிக்கட்டி ஆப்பு என்றோ மணல் ஆப்பு என்றோ போடாமல், வெறுமனே ‘நில ஆப்பு’ என்று போட்டிருப்பார்கள். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

வயதிலும் ஒரு நுட்பம் உண்டு. மணல் ஆப்புக்குள் உள்ள மணல், விரிசல் வெடித்த அந்தந்தக் குளிர்காலத்திலேயே உள்ளே போனது. அதன் வயது குளிரின் வயது. பனிக்கட்டி ஆப்பின் வார்ப்புக்குள் இருக்கும் மண்ணோ, பனிக்கட்டி உருகியபிறகு விழுந்தது. அதன் வயது குளிர் முடிந்த காலத்தின் வயது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பல ஆயிரம் ஆண்டுகள் தவறிப்போகும். இப்படிச் சலித்தெடுத்த தடயங்களைக்கொண்டு, 2014-இல் வாண்டென்பெர்கேயும் பல நாட்டு ஆய்வாளர்களும் 25,000 முதல் 17,000 ஆண்டுகளுக்கு முன் வட அரைக்கோளத்தில் உறைநிலம் எதுவரை பரவியிருந்தது என்று ஒரு வரைபடம் வெளியிட்டார்கள்.

ஆப்பு மட்டும்தானா சாட்சி? வேறும் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. மண்ணடுக்குகள் அலையலையாகக் குழம்பிக் கிடப்பது பல இடங்களில் தெரியும். உறைந்தும் இளகியும் மேலடுக்கு பிசையப்பட்டதன் அடையாளம் அது. ஆனால் நிலநடுக்கத்தாலும் ஈரமண்ணின் சொந்தப் பாரத்தாலும் அதேபோன்ற குழப்பம் வரும், அதனால் தனியாக அதை நம்பக் கூடாது. பிங்கோ என்பது இன்னொன்று. அழுத்தத்தோடு மேலேறும் நிலத்தடி நீர் உறைந்து தரையையே குன்றாக உயர்த்துவது. குன்லுன் கணவாய்ப் பகுதியில், 4,700 மீட்டர் உயரத்தில், நிலப்பிளவு ஒன்றை ஒட்டி மேலேறும் நீரால் உண்டான பிங்கோக்கள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகிவிட்டால் குன்று அமிழ்ந்து, வளையமாக ஒரு கரையும் நடுவில் ஒரு குட்டையும் மட்டும் மிஞ்சும்.

பாறைப் பனியாறுகளுக்கு நான் கொஞ்சம் கூடுதல் எடை கொடுப்பேன். மலைச்சரிவில் விழுந்த கற்களும் அவற்றின் இடுக்கில் உறைந்த பனிக்கட்டியும் சேர்ந்து, ஒரு நாக்கு மாதிரி, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை நகரும். லடாக்கில் இவை நிறைய. உயிரோடு இருப்பவற்றின் முன்முகம் செங்குத்தாக, புதுக்கல்லாக நிற்கும். செத்தவை தொய்ந்து, புல்லும் பாசியும் படர்ந்து, உயிருள்ளவற்றைவிடக் கீழே கிடக்கும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம், உறைநிலத்தின் எல்லை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு ஒரு அளவுகோல். செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குப் பழக்கி 2024-இல் வெளியான கணக்கெடுப்பில், திபெத்தியப் பீடபூமியில் மட்டும் 44,000-க்கும் மேற்பட்டவை பதிவாயின.

இதெல்லாம் பழைய கதை மட்டும் அல்ல. 2006 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட சிங்ஹாய்-திபெத் ரயில்பாதையில் கோல்முட் முதல் லாசா வரையுள்ள 1,142 கிலோமீட்டரில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உறைநிலத்தின் மேல் ஓடுகிறது. பாதையோரம் நட்டிருக்கும் எஃகுக் குழாய்களுக்குள் உள்ள அம்மோனியா குளிர்காலத்தில் தரையின் வெப்பத்தை உறிஞ்சி மேலே விடுகிறது. சில இடங்களில் காற்று புகும்படி பெரிய சக்கைக் கற்களைக் கொண்டு மேடு கட்டியிருக்கிறார்கள். இத்தனை பாடும் எதற்கு என்றால், அங்கே பல இடங்களில் உறைநிலத்தின் வெப்பநிலை பூச்சியத்துக்கு ஓரிரு டிகிரிதான் கீழே இருக்கிறது.

பீடபூமியின் விளிம்புப் பகுதிகளில் துளையிட்டுப் பார்க்கும்போது சில இடங்களில் ஒரு விசித்திரமான அடுக்கு வரிசை வருகிறது. மேலே குளிர்காலத்தில் உறையும் மண். அதற்குக் கீழே உறையாத ஈரமண். அதற்கும் கீழே, பல மீட்டர் ஆழத்தில், மறுபடியும் உறைந்த அடுக்கு. இன்றைய குளிர்காலம் அந்த ஆழத்தை எட்டுவதில்லை, அதனால் அந்த அடிக்குளிர் இன்றையதல்ல. பழைய கடுங்குளிர்காலம் ஒன்றில் உறைந்து, நடுவில் வந்த வெப்பகாலத்தில் மேற்பகுதியை இழந்து, எஞ்சி நிற்பது. மேலேயிருந்து இன்றைய சூடும் கீழேயிருந்து பூமியின் உள்வெப்பமும் இரண்டு பக்கமும் அதைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன. ஆப்பு உருகினால் வார்ப்பாவது மிஞ்சும். இந்த அடுக்கு உருகினால் சுவரில் பார்க்க எதுவும் இருக்காது. ஆழ்துளைக்குள் வெப்பமானிகளைச் சரமாகத் தொங்கவிட்டு இப்போதே அளந்து வைத்தால்தான் உண்டு.